கண்ணப்பர் கையிலிருந்து நழுவியவை

திருச்சிற்றம்பலம்.



நேற்று மாலை இம்மேடையில் கண்ணப்ப நாயனார் வரலாற்றை விரித்துரைத்தோம். சொற்பொழிவு நிறைவுற்றுத் திருநீறு வழங்கிக் கொண்டிருந்த வேளையில், கல்லூரியிற் பயிலும் இளைஞர் ஒருவர் நம்மை அணுகினார். "ஐயா! இந்நாளில் சிலர் படக்கருவியைக் கையிற் கொண்டு ஊர் ஊராகத் திரிகிறார்கள்; தகாதன செய்கிறார்கள்; அவற்றை உலகமெல்லாம் காணக் காட்டிப் பெயரும் பொருளும் ஈட்டுகிறார்கள். உலகம் அவர்களை ஏசுகிறது. ஏசிக்கொண்டே பார்க்கவும் செய்கிறது. இதனைக் குறித்து நம் சமயம் ஏதேனும் சொல்கிறதா?" என்று வினவினார்.

வினாவைக் கேட்டதும், 'கண்ணப்பர் எங்கே, கைப்பேசி எங்கே!' என்று நினைத்தோம். இரவு படுக்கையிற் கிடந்து எண்ணிப் பார்த்தபொழுது, இவ்வினாவிற்கு விடை அந்தக் காளத்தி மலையிலேயே இருக்கிறது என்று தோன்றிற்று. ஆதலின் இன்று பேசவிருந்த பொருளை நாளைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, இதனையே பேச முன்வந்தோம். அன்பர்கள் பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

முதியோர் பொருட்டுச் சிறிது விளக்கம் கூறுவோம். யூடியூப் என்பது 2005 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் தோன்றியது. எவர் வேண்டுமாயினும் தாம் எடுத்த படத்தை அதில் ஏற்றலாம். எவர் வேண்டுமாயினும் காணலாம். அதில் முதன்முதல் ஏற்றப்பட்ட படம் யாது தெரியுமோ? சான் டியேகோ நகரத்து விலங்குக் காட்சிசாலையில் ஓர் இளைஞர் யானைகளின் முன்னே நின்று, அவற்றின் துதிக்கை எவ்வளவு நீளம் என்று வியந்து பேசுவது. அவ்வளவுதான். நம் கோயில் யானையைக் கண்டு குழந்தைகள் மகிழ்வது போன்ற எளிய மகிழ்ச்சியிலேதான் அது தொடங்கியது. அடுத்த ஆண்டில் கூகுள் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. பின்னர், படங்களோடு விளம்பரங்கள் வந்தன. விளம்பரத்தால் வரும் பொருளில் ஒரு பங்கு படமெடுத்தவருக்கு என்னும் ஏற்பாடும் வந்தது. பார்ப்போர் பெருகினால் பொருள் பெருகும். அன்று தொடங்கி, 'எதைக் காட்டினால் மிகப் பலர் பார்ப்பர்?' என்னும் கேள்வி சிலருடைய உள்ளத்தில் குடிபுகுந்தது. நல்லன கற்பிப்போரும் அதில் பலர் உளர். திருமுறைப் பண்களை அதன் வாயிலாகப் பயில்வோரும் உளர். கருவியின்மேற் குற்றமில்லை.

இனி, உலகமே பேசிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்வோம்.

ஜப்பான் நாட்டில் யமனாஷி மாநிலத்தில், பூஜி மலையின் வடமேற்கு அடிவாரத்தில், அவோகிகஹாரா என்றொரு காடு இருக்கிறது. கி.பி. 864 ஆம் ஆண்டில் அம்மலை கக்கிய எரிகுழம்பு ஆறிப் பாறையாகிய நிலத்தின்மேல் வளர்ந்த காடு அது. மரங்கள் நெருங்கி அடர்ந்திருத்தலின், 'மரக்கடல்' என்று அந்நாட்டார் அதனை வழங்குவர். ஓசை அடங்கிய இடம். உள்ளம் உடைந்தோர் சிலர் தம் உயிரை முடித்துக்கொள்ள அங்கே செல்வது அந்நாட்டின் நெடுநாள் துயரமாக இருந்து வருகிறது. ஆகவே, காட்டின் வழிமுகப்பில் ஓர் அறிவிப்புப் பலகை நிறுவியிருக்கிறார்கள். 'உன் உயிர் பெற்றோர் தந்த அரிய பொருள்; பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் மக்களையும் ஒருமுறை எண்ணிப் பார்; தனியே துன்புறாமல் எவரிடமேனும் பேசு' என்னும் கருத்து அதில் எழுதப்பட்டிருக்கிறது. எவ்வளவு இரக்கமுள்ள பலகை பாருங்கள்!

2017 ஆம் ஆண்டின் இறுதியில், லோகன் பால் என்னும் அமெரிக்க இளைஞர், வயது இருபத்திரண்டு, தம் தோழர்களோடு அக்காட்டினுட் சென்றார். நாள்தோறும் தம் வாழ்க்கையைத் தாமே படமெடுத்து வெளியிடுவது அவர் தொழில். அவருடைய படங்களைத் தொடர்ந்து காண்பதற்குப் பதிவு செய்துகொண்டோர் அப்பொழுதே ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டோர். அவர்களுட் பலர் பள்ளிச் சிறுவர். காட்டினுள்ளே உயிர்நீத்த ஒருவருடைய உடலை அவர்கள் கண்டார்கள். கண்டவுடன் படக்கருவி நிற்கவில்லை. அவ்வுடலையும் படமெடுத்தார்கள். திகைப்பும் பேச்சும் இருந்தன; இடையிடையே சிரிப்பும் இருந்தது. திசம்பர் 31 ஆம் நாள் அப்படம் உலகிற்குக் காட்டப்பட்டது. இறந்தவர் முகத்தை மட்டும் மறைத்திருந்தார்கள்.

முகத்தை மறைத்தார்கள், சரி. பெற்ற தாய்க்கு முகம் ஒன்றுதானா அடையாளம்? உடுத்த உடையும், கையும் காலும், நின்ற மரத்தின் நிழலும் போதாவோ?

உலகம் கொதித்தெழுந்தது. ஆயினும், அப்படம் நீக்கப்படுமுன் 60 இலட்சம் முறைக்கு மேற் பார்க்கப்பட்டிருந்தது. சனவரி முதல் நாள் அவர் எழுத்தில் ஒரு மன்னிப்பை வெளியிட்டார். பார்ப்போர் தொகையைக் கருதித் தாம் அதனைச் செய்யவில்லை என்றும், உயிரை மாய்த்துக்கொள்வதைத் தடுக்கும் விழிப்புணர்ச்சியை உண்டாக்கவே எண்ணியதாகவும் அதிற் கூறினார். அது மன்னிப்பாக இல்லை, தற்புகழ்ச்சியாக இருக்கிறது என்று மேலும் பழித்தார்கள். மறுநாள் தம் முகத்தைக் காட்டி மற்றொரு முறை பேசினார். அப்பொழுது, 'படக்கருவிகளைக் கீழே வைத்திருக்க வேண்டும்; வைக்கத் தவறினேன்' என்னும் கருத்துப்பட ஒன்று சொன்னார். அன்பர்களே! அவர் சொன்னவற்றுள் அதுவே மெய்யான சொல். அதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனம் அவரை உயர்நிலை விளம்பர வரிசையிலிருந்து நீக்கிற்று. அவரைக் கொண்டு எடுக்கவிருந்த படங்களை நிறுத்தி வைத்தது. அவரும் சில வாரம் அடங்கியிருந்து, உயிர் காக்கும் அமைப்புகளுக்குப் பத்து இலட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். நல்லது என்று நினைக்கும்முன்பே, பிப்ரவரியில், செத்த எலி ஒன்றன்மேல் மின்னதிர்ச்சிக் கருவியைச் செலுத்தி, அதனையும் படமாக்கி வெளியிட்டார். நிறுவனம் அவருடைய படங்களுக்கு விளம்பரம் தருவதைச் சிறிது காலம் நிறுத்தியது.

இவர் ஒருவரோடு நின்றதா? இல்லை. 2024 ஆம் ஆண்டில் வேறோர் அமெரிக்கர் தென்கொரியாவிற்குச் சென்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானியப் படையால் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்ட பெண்களின் நினைவாக, ஒரு சிறுமியின் சிலையைச் சியோல் நகரில் அமைத்திருக்கிறார்கள். அச்சிலையை முத்தமிட்டுக் கூத்தாடி, அதனைப் படமாக்கிக் காட்டினார். நாட்டு மக்கள் வெகுண்டனர். அரசு அவரை நாட்டைவிட்டுச் செல்லவிடாது தடுத்து வழக்குத் தொடுத்தது. இறந்தோரின் உடலும் அழுதோரின் நினைவும் இவர்களுக்குக் காட்சிப்பொருள் ஆயின.

ஏன் இப்படி ஆகின்றது? இங்கேதான் நம் சித்தாந்தம் துணைக்கு வருகிறது.

ஆணவ மலத்தை இருளுக்கு ஒப்பிடுவது மரபு. ஆயினும் இருளினும் அது கொடிது என்று உமாபதி சிவாசாரியார் காட்டுவார். இருள் பொருள்களை மறைக்கும். ஆனால் 'இங்கே இருள் இருக்கிறது' என்று நாம் அறியும்படி தன்னைக் காட்டும். ஆணவமோ பொருளையும் மறைக்கும், தன்னையும் மறைக்கும். நாள்தோறும் தம் முகத்தையே படமெடுத்தவர் அவ்விளைஞர். தம்மை அவர் எத்தனை முறை பார்த்திருப்பார்! ஆயினும் தம்மைக் காணவில்லை. எதிரே கிடந்த உயிரிழந்த மகனையும் காணவில்லை. காட்சியொன்றையே கண்டார். பொருட்டொகைக்காகச் செய்யவில்லை என்று அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அப்படத்திற்கு விளம்பரப் பணம் பெறவில்லை என்றும் சொன்னார். இருக்கட்டும். பணத்தினும் மயக்கும் கள் ஒன்று உண்டு. 'எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்' என்பதே அக்கள்.

'மன்னிப்புக் கேட்டவர் மறுமாதமே எலியிடம் ஏன் சென்றார்?' என்று கேட்பீர்கள். பெருங்காயத்தை எடுத்துவிட்டாலும் பெருங்காயம் இருந்த பாண்டம் மணக்கும். அதனை வாசனாமலம் என்பர் நம் பெரியோர். குற்றத்தை ஒரு நாளில் விட்டுவிடலாம். அதன் வாடை போகப் பல நாள் தேய்த்துக் கழுவ வேண்டும். ஆகவே அவ்விளைஞரை மட்டும் எள்ள வேண்டா. புறங்கூறமாட்டேன் என்று காலையில் சந்நிதியில் உறுதி சொல்லிவிட்டு, மாலையில் திண்ணையில் அதே வேலையைத் தொடங்குகின்ற நமக்கும் அந்த வாடை உண்டு.

இனிக் காளத்திக்கு வாருங்கள்.

உடுப்பூர் வேடர் தலைவன் நாகன் மகன் திண்ணனார், ஆறாம் நாள் இறைச்சியும் வாயில் நீரும் தலையில் மலரும் கொண்டு குடுமித்தேவரிடம் விரைந்து வருகிறார். திருக்கண்ணில் குருதி வழிகிறது. கண்டார். கண்டவுடன் என்ன நிகழ்ந்தது? சேக்கிழார் பெருமான் இதனை மிக நுட்பமாகக் காட்டுகிறார். வாயிலிருந்த நீர் சிந்திற்று. கையிலிருந்த ஊனும் வில்லும் விழுந்தன. தலையிலிருந்த பூவும் விழுந்தது. பின்னர் அவரே நிலத்தில் விழுந்தார். கண்ணை இடந்து அப்பியது பிறகு நிகழ்ந்தது. அச்செயலையே நாம் எப்பொழுதும் பேசுகிறோம். அதற்கு முன்னே நிகழ்ந்த இந்த நழுவலை நாம் பேசுவதில்லை. நேற்று நாமும் அதனை ஒரு வாக்கியத்திற் சொல்லிக் கடந்துவிட்டோம்.

வேடனுக்கு வில் எத்தகையது? உயிரினும் அரிது. புலி எதிர்ப்பட்டாலும் வேடன் கையிலிருந்து வில் நழுவாது. அத்தகைய வில், பிறரொருவர் கண்ணிற் குருதியைக் கண்டபொழுது நழுவிற்று. நழுவ வேண்டும் என்று அவர் எண்ணவில்லை. அன்பு மிகுந்தவிடத்துக் கை தானே தளர்ந்தது. கை வெறுமையாயிற்று. அதன் பின்னரே அக்கை மருந்து தேடிற்று; பச்சிலை பிழிந்தது; முடிவில் தன் கண்ணையே கொடுத்தது. கையில் வில்லைப் பற்றிக்கொண்டே இருந்தால் கண்ணை எடுப்பது எங்ஙனம்?

அவோகிகஹாராக் காட்டில் நழுவ வேண்டிய பொருள் ஒன்று நழுவவில்லை. அதுவே அங்கு நிகழ்ந்த குற்றம். அவ்விளைஞரே பின்பு அதனை உணர்ந்து சொன்னார் என்பதை முன்னர்க் குறித்தோம்.

இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். 'அந்தப் படத்தை எடுத்தவர் ஒருவர். நாம் குற்றமற்றவர்' என்று எழுந்துபோக இயலாது. 60 இலட்சம் என்றோமே, அத்தனையும் யாருடைய கண்? அவ்வியந்திரத்திற்கு அன்போடு பார்த்த பார்வையும் சினத்தோடு பார்த்த பார்வையும் ஒன்றே. 'சீ!' என்று சொல்லிக்கொண்டே பார்த்தாலும் ஒன்று கூட்டிக்கொள்ளும். பழிப்பதற்கென்று பத்துப் பேருக்கு அனுப்பினால் பத்தைக் கூட்டிக்கொள்ளும். பலர் பார்க்கிறார்கள் என்று கண்டு மேலும் பலர் முன்னே அதனைக் கொண்டுபோய் வைக்கும். பார்ப்பவன் கண்தான் அத்தீயிற்கு நெய்.

நம் குற்றத்தையும் இங்கே ஒளியாமற் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் தேர்த் திருவிழாவிற்குச் சென்றிருந்தோம். வடம் பிடித்த முதியவர் ஒருவர் நிலைக்கு வரும் வேளையில் மயங்கி விழுந்தார். சுற்றிலும் கைகள் உயர்ந்தன. தூக்குவதற்கு உயர்ந்த கைகள் சில. படமெடுக்க உயர்ந்தவை பல. பூ விற்கும் அம்மையார் ஒருவர் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, முந்தானையால் விசிறித் தண்ணீர் கொடுத்தார். கூடை கவிழ்ந்து பூவெல்லாம் மண்ணில் மிதிபட்டது. நாம் அப்பொழுது மேடையில் இருந்தோம். ஒலிபெருக்கியில் 'வழி விடுங்கள்' என்று சொன்னதோடு சரி.

அன்றிரவு நம் பேரன் தன் கைப்பேசியைக் கொண்டுவந்தான். அம்முதியவர் விழுந்த காட்சி அதில் வந்திருந்தது. பார்த்தோம். 'மறுபடி போடு' என்றோம். மூன்று முறை பார்த்தோம். பேரன் கேட்டான்: "தாத்தா, அவருக்கு அப்புறம் என்ன ஆயிற்று?" நமக்கு விடை தெரியவில்லை. அறுபது ஆண்டு திருமுறை ஓதிய வாய் அடைத்துப் போயிற்று. அவர் பிழைத்தாரா என்று கேட்கும் எண்ணம் அந்தக் குழந்தைக்கு வந்தது, நமக்கு வரவில்லை.

மறுநாள் உசாவி அவர் இல்லம் சென்றோம். கட்டிலில் அமர்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வெயிலின் களைப்புத்தான்; அச்சமில்லை. அவர் சொன்னார்: "விழுந்தது வலிக்கவில்லை ஐயா. என் மகள் வெளியூரிலே இருக்கிறாள். நாங்கள் சொல்வதற்கு முன்னாலே யாரோ அவளுக்குப் படத்தை அனுப்பிவிட்டார்கள். அப்பன் செத்துப்போனான் என்று நினைத்துக்கொண்டு இரவெல்லாம் பேருந்திலே அழுதுகொண்டு வந்தாள். அதுதான் வலிக்கிறது." அம்மகள் அடுக்களை வாயிலில் நின்றிருந்தார். அவர் முகத்தை நம்மால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அப்படத்தை எடுத்தவர் நாமல்லோம், அனுப்பியவரும் நாமல்லோம். மூன்று முறை பார்த்தோம், அவ்வளவே. அவ்வளவும் போதும் என்று அன்று அறிந்தோம்.

'அப்படியானால் எதனையும் பார்க்கவே கூடாதா?' எனின், அற்றன்று. காளத்தியிலேயே ஒருவர் மறைந்திருந்து பார்த்தார். அவர் சிவகோசரியார். இறைவனே அவரை ஒளிந்திருந்து காணச் சொன்னான். முன்பு வேடன் செயலை அருவருத்தவர் அவர். கண்டபின் அவருடைய உள்ளம் வேறாயிற்று. அன்பு இன்னதென்று அன்று அறிந்தார். பார்வை அவரை உயர்த்திற்று. பளிங்கு தான் அடுத்த பொருளின் நிறத்தைப் பெறுவது போல, ஆன்மாவும் சார்ந்ததன் வண்ணமாகும் என்பது நம் சித்தாந்தம். ஆகவே ஒன்றைப் பார்த்தபின் நம் நெஞ்சு இளகிற்றா, இறுகிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இளக்குவதைப் பாருங்கள். இறுக்குவதை விடுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். 'பலர் என்னைப் பார்க்க வேண்டும்' என்னும் விருப்பம் உங்கள் வயதில் இயல்பே. அதற்காக உங்களை வெறுக்கமாட்டோம். ஆனால் திருநின்றவூர்ப் பூசலாரை ஒருகால் நினையுங்கள். கையிற் பொருளில்லை. மனத்திலேயே கல்லும் மரமும் தேடி, தச்சரை அமர்த்தி, நாள் பார்த்து ஒரு கோயில் எடுத்தார். ஊரார் ஒருவருக்கும் அது தெரியாது. காஞ்சியில் பல்லவ மன்னன் எடுத்த கற்கோயிலை நாடே பார்த்தது. குடமுழுக்கு நாள் இரண்டிற்கும் ஒன்றாக வந்தபொழுது, இறைவன் மன்னன் கனவில் தோன்றி, அந்நாளில் தான் அன்பன் கோயிலுக்குச் செல்வதால் வேறுநாள் வைக்குமாறு பணித்தான். மன்னன் திருநின்றவூருக்கு வந்து, 'அன்பர் எடுத்த கோயில் யாண்டுளது?' என்று கேட்டால், ஊரார் விழிக்கிறார்கள்! எவரும் பாராத கோயிலைப் பார்த்தவன் ஒருவன் இருந்தான். நீங்கள் தனியே செய்யும் நன்மை ஒன்றும் காணப்படாமற் போவதில்லை. தாய்க்குக் கால் பிடித்துவிடுகிறீர்கள், நோயுற்ற தோழனுக்குச் சோறு கொண்டுபோகிறீர்கள். அதற்குப் படம் வேண்டா. கணக்கு ஏறிவிட்டது.

பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளைகள் கைப்பேசியில் ஒருவன் விழுவதையோ அழுவதையோ காட்டிச் சிரித்தால், உடனே அடிக்கவும் வேண்டா, உடன் சிரிக்கவும் வேண்டா. 'இவருக்குப் பின்னர் என்ன ஆயிற்று?' என்று கேளுங்கள். நமக்கு நம் பேரன் கற்பித்த பாடம் இது. அந்த ஒரு கேள்வியில் காட்சிப்பொருள் மறுபடியும் மனிதராகி விடுவார்.

மற்றொன்றும் சொல்லி அமைவோம். ஜப்பானியக் காட்டில் உயிர்நீத்தவர் யார் என்று நமக்குத் தெரியாது. அவருக்கும் ஓர் ஊர் இருந்தது. அவர் பெயரைச் சொல்லி அழைத்த ஒரு குரல் இருந்தது. இக்கூட்டத்திலும் உள்ளம் நொந்து, வெளியிற் சொல்லாமல் அமர்ந்திருப்போர் இருக்கலாம். அவர்களுக்குச் சொல்கிறோம்: தனியே சுமக்காதீர்கள். வீட்டாரிடம் பேசுங்கள்; நம்மிடம் வாருங்கள்; 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அருகில் இருப்போருக்கும் சொல்கிறோம்: ஒருவர் முகம் வாடக் கண்டால் கையிலுள்ளதைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். அதுவே இந்நாளில் நம்மால் இயன்ற கண்ணப்பர் தொண்டு.

சற்று நேரத்தில் பெருமான் விடைமேல் எழுந்தருளப் போகிறார். தீபம் காட்டும்போது உங்கள் கைகள் உயரும். படமெடுக்க வேண்டாம் என்று தடுக்கமாட்டோம். வரவியலாத பாட்டிக்குக் காட்ட ஒன்று எடுத்துச் செல்லுங்கள். பிறகு கருவியை மடியில் வைத்துவிட்டு, வெறுங்கை இரண்டையும் குவியுங்கள். அக்குவிந்த கையில், காளத்தியில் வில்லை நழுவவிட்ட கையின் சாயல் சிறிதேனும் படியுமாறு எல்லாம்வல்ல பெருமான் அருள் செய்வானாக.

திருச்சிற்றம்பலம்.